கார்ல் லூயிஸ் 1984ல் நான்கு தாவல்களை விட்டது சரியா?

மணல்குழி:
போன ஞாயிறு பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் பள்ளிகளுக்கான போட்டி. என்னிடம் பயிற்சி பெறும் பதினைந்து வயதுப் பெண், நீளம் தாண்டுதலில் இரண்டாவது தாவலிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டாள். மூன்றாவதையும் முடித்துவிட்டு, "சார், நூறு மீட்டர் ஃபைனல் இருக்கு, மீதியை விட்டுடறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். அவளுடைய அப்பா, "கார்ல் லூயிஸே விட்டிருக்கிறாரே சார்" என்றார். அங்கே எனக்குப் பதில் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், நீளம் தாண்டுதல் ஃபைனல். அமெரிக்காவின் லூயிஸ் முதல் தாவலில் 8.54 மீட்டர் தாண்டினார். இரண்டாவது ஃபவுல், அது செல்லாது. ஆறு தாவலில் மீதி நான்கையும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். தங்கம் அவருக்குத்தான், வெள்ளி வாங்கிய ஆஸ்திரேலியாவின் கேரி ஹனி 8.24. ஆனால் அரங்கம் கூச்சலிட்டு எதிர்ப்பைக் காட்டியது. அவர்கள் கோபப்பட்டதில் என்ன தப்பு? 1968ல் மெக்சிகோ சிட்டியில் பாப் பீமன் தாண்டிய 8.90 உலக சாதனையாக நின்றுகொண்டிருந்தது. அதை நெருங்கக்கூடிய ஒரே ஆள், அதற்கு முன்பே 8.79 தாண்டியவர், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டால் யாருக்கும் வலிக்கும். கடைசிவரை திறந்தவெளி உலக சாதனை அவருக்குக் கிடைக்கவே இல்லை.

பெரம்பூர் பழைய ஓட்டக்காரன்:
சார், மதிப்போடு மறுக்கிறேன். அவர் அங்கே போனது நான்கு தங்கத்துக்காக. 100, 200, நீளம் தாண்டுதல், 4x100 ரிலே. 1936ல் பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் வென்ற அதே நான்கு. தாண்டும் அன்றைக்கு 200 மீட்டர் தகுதிச் சுற்றும் இருந்தது, காற்றும் குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவு வேகத்தில் ஓடிவந்து தாவி எழும்பும் பலகையை ஒற்றைக் காலால் மிதிக்கும்போது தொடையின் பின்தசை என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 100 தங்கம் கையில் இருந்தது, ஆனால் குளிரில் ஒரு தாவல் தப்பினால் மீதி இரண்டு ஓட்டப் பதக்கமும் போச்சு.

எனக்கு அது நடந்தது. முன்னிலையில் இருந்தும் ஐந்தாவது தாவலுக்குப் போனேன். பலகைக்கு மூன்று அடி முன்னால் தொடையில் 'டப்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் நான் ஒரு ஃபைனலும் ஓடவில்லை. இருபது வருடம் ஆகிறது, இன்னும் மழைக்காலத்தில் வலிக்கும்.

லூயிஸ் 100ஐ 9.99ல் முடித்தார், 200ல் 19.80 ஒலிம்பிக் சாதனை, ரிலேயில் 37.83 உலக சாதனை. கணக்குப் பலித்துவிட்டதே.

மணல்குழி:
உங்கள் காலுக்கு நடந்தது கொடுமை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஓவன்ஸை நீங்களே இழுத்துவிட்டீர்கள். அவருக்கும் அதே நாளில் 200 தகுதிச் சுற்று இருந்தது. 7.94ல் முன்னிலையில் இருந்தார். கடைசித் தாவலையும் தாண்டினார், 8.06. மறுநாள் 200 தங்கமும் வாங்கினார்.

பெரம்பூர் பழைய ஓட்டக்காரன்:
ஓவன்ஸுக்குப் பின்னால் ஜெர்மனியின் லுட்ஸ் லாங் நின்றார். ஓவன்ஸ் 7.94 தாண்டுவதற்கு முன்பு, ஐந்தாவது தாவலில் 7.87 தாண்டி அவரைச் சமன் செய்தவர். அப்படி ஒருவர் துரத்தினால் லூயிஸும் எழுந்திருப்பார். இன்னொன்று, ரிலேயில் ஓடப்போவது ஓவன்ஸுக்கு அப்போது தெரியாது. பிறகுதான் அணியில் சேர்த்தார்கள். மூன்று போட்டிக்குத் திட்டமிட்டவரையும் நான்குக்குத் திட்டமிட்டவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 1988 சியோலையும் பாருங்கள். நீளம் தாண்டுதலில் 8.72, தங்கம். 200ல் ஜோ டிலோச்சிடம் 0.04 விநாடியில் தோற்றார்.

மெரினா காலை நடை:
நீங்கள் இருவரும் 1991ஐ விட்டுவிட்டீர்களே. எனக்கு லூயிஸ் என்றாலே டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்தான்.

ஆகஸ்ட் 25, 100 மீட்டரில் 9.86, உலக சாதனை. ஐந்து நாள் கழித்து நீளம் தாண்டுதல். பத்து வருடமாக, தொடர்ந்து 65 போட்டிகளில் தோற்காத மனிதர். அன்றைக்கு ஆறு முறையும் ஓடிவந்தார். நான்காவது தாவல் 8.91! பீமனைத் தாண்டிவிட்டார், ஆனால் பின்காற்று விநாடிக்கு 2 மீட்டர் என்ற வரம்பைக் கடந்து வீசியதால் சாதனைக் கணக்கில் வராது. அடுத்த சுற்றில் மைக் பவல் 8.95. காற்று வெறும் 0.3. இருபத்து மூன்று வருடச் சாதனை போயிற்று. லூயிஸுக்கு இன்னும் இரண்டு தாவல். 8.87, அப்புறம் 8.84. அந்த 8.87தான் விதிப்படி அவர் வாழ்நாளில் தாண்டிய அதிக தூரம். நம் தமிழ்நாட்டு ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023ல் தேசிய சாதனை படைத்தது 8.42ல். அதை வைத்துப் பார்த்தால் லூயிஸ் தோற்ற நாள் எப்படிப்பட்டது என்று புரியும்.

1984ல் உட்கார்ந்தவரைச் சோம்பேறி என்பவர்கள் இந்த ஆறு தாவலையும் பார்த்துவிட்டு வரட்டும்.

மணல்குழி:
சோம்பேறி என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். வாழ்நாளின் சிறந்த தாவல் ஐந்தாவது முறையில் வந்தது. முதல் தாவலோடு உட்கார்ந்திருந்தால் அப்படி ஒரு தூரம் தன் காலில் இருந்தது அவருக்கே தெரிந்திருக்காது. என் மாணவிக்கு நான் கற்றுக்கொடுக்க நினைப்பது அதைத்தான்.

பெரம்பூர் பழைய ஓட்டக்காரன்:
1996 அட்லாண்டாவில் 35 வயதில் 8.50 தாண்டினாரே, தொடர்ந்து நான்காவது ஒலிம்பிக் தங்கம். கால்களைக் காப்பாற்றத் தெரிந்தவருக்குத்தான் அது முடியும்.

அடையாறு 88:
2003ல் வெளிவந்ததை யாரும் பேசவில்லை. 1988 ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டிகளில் லூயிஸின் உடலில் தடை செய்யப்பட்ட ஊக்கப்பொருள் இருந்ததாகச் சோதனை முடிவுகள் வந்தன. சியோலில் முதலாவதாக வந்த கனடாவின் பென் ஜான்சனைத் தகுதிநீக்கம் செய்ததால்தான் 100 தங்கம் இவருக்குப் போனது.

மெரினா காலை நடை:
அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. சளி மருந்துகளில் இருக்கும் பொருள், அளவும் சிறியது, தெரியாமல் எடுத்தார் என்று அமெரிக்க ஒலிம்பிக் குழு ஏற்றுக்கொண்டது. ஜான்சன் எடுத்தது ஸ்டீராய்டு. இரண்டும் ஒன்றில்லை. ஆனாலும் அப்போதே வெளியில் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமும்.

ஆவடி அம்மா:
என் மகனும் ஓட்டம், நீளம் தாண்டுதல் இரண்டும் செய்கிறான். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் கூப்பிடுகிறார்கள், பிள்ளை அழுகிறான். ஒன்றை விட்டுவிடலாமா?

மணல்குழி:
விடாதீர்கள் அம்மா. ஓட்ட வேகம்தான் தாவலின் மூலதனம். லூயிஸ் ஐம்பது மீட்டருக்கும் மேல் ஓடிவந்து மிதித்தவர். போட்டிக்கு முன்பே நடுவரிடம் சொல்லிவையுங்கள். இரண்டு போட்டி மோதினால், அந்தச் சுற்றில் வரிசை மாற்றி முன்னதாகத் தாண்ட அனுமதி கேட்கலாம். ஆள் இல்லாதபோது முறை வந்தால் அந்தத் தாவலை விட்டதாகக் கணக்கு, அவ்வளவுதான்.

பெரம்பூர் பழைய ஓட்டக்காரன்:
சார், ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பெண் நூறு மீட்டரில் என்ன ஆனாள்?

மணல்குழி:
விட்டுவிட்டுத்தான் போனாள். நூறில் இரண்டாவது, கடைசிக் கோட்டில் நெஞ்சை நீட்டுவதில் முதலிடம் போயிற்று. தாண்டுதலில் அவளுடைய மூன்றாவது தாவல் 5.21. பலகைக்கு ஒரு சாண் பின்னால் மிதித்தாள். அதனால்தான் மனசு ஆறவில்லை.

பெரம்பூர் பழைய ஓட்டக்காரன்:
ஒரு சாண் பின்னாலா? அப்படியென்றால் இன்னும் நிறைய இருக்கிறது. ஆறு தாவலும் தாண்டிவிட்டுப் போயிருந்தால் களைத்துப்போய் நூறில் மூன்றாவதாகத்தான் வந்திருப்பாள் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அவள் ஓடிவரும் அந்த ரன்-அப்பை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மணல்குழி:
வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வாருங்கள். குழி ஓரமாக நிற்பேன்.