மூக்கடைப்பே இல்லை, வாசனை மட்டும் போய்விட்டது. கொரோனாவா?

மாடிவீடு: நேற்று காலையிலிருந்து எந்த வாசனையும் தெரியவில்லை. காய்ச்சல், இருமல் இல்லை, மூச்சு தாராளமாகப் போய்வருகிறது. சோப்பை மூக்கோடு ஒட்டி வைத்து இழுத்துப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. உப்பும் புளிப்பும் நாக்கில் தெரிகிறது, மற்றதெல்லாம் சப்பென்று இருக்கிறது. வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். சளி பிடிக்கப் போகிறதா, இல்லை கொரோனாவா?

கிளிஞ்சல்: முதலில் அம்மாவிடமிருந்து தள்ளி இருங்கள், முகக்கவசம் போடுங்கள், டெஸ்ட் எடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீலவானம்: சளியில் பெரும்பாலும் மூக்கு அடைத்துக்கொள்வதால் காற்று மேலே போகாது, அதனால் மணம் தெரியாது. உங்களுக்கு வழி திறந்திருக்கிறது, ஆனாலும் தெரியவில்லை, அதுதான் கவனிக்க வேண்டியது. மூக்கின் உச்சியில் மணத்தை உணரும் நரம்பு செல்களைச் சுற்றி அவற்றைப் பராமரிக்கும் துணை செல்கள் உண்டு. கொரோனா வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் அந்தத் துணை செல்களில்தான் இருக்கிறது, நரம்பு செல்களில் கிட்டத்தட்ட இல்லை. பராமரிப்பவன் படுத்துவிட்டால் வேலை நின்றுபோகிற மாதிரிதான். சிலருக்கு இதுவே முதல் அறிகுறி, சிலருக்கு இது ஒன்றுதான் அறிகுறி. பிரிட்டன் 2020 மே 18-இல்தான் இதை அதிகாரப்பூர்வ பட்டியலில் சேர்த்தது, காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் மார்ச்சிலேயே எச்சரித்திருந்தார்கள்.

வழிப்போக்கன்: அதெல்லாம் பழைய கதை. ஓமிக்ரான் வந்தபிறகு வாசனை போவது ரொம்பக் குறைந்துவிட்டது. சாதாரண சளி வைரஸுக்கும் இப்படிப் போகும். ஆவி பிடியுங்கள், சரியாகிவிடும்.

நீலவானம்: குறைந்தது உண்மை, நின்றுபோகவில்லை. வாசனை நன்றாகத் தெரிகிறது, அதனால் கொரோனா இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அடைப்பில்லாமல் திடீரென்று போனால் சும்மா விடவும் கூடாது. ஆவி அடைப்பை இளக்கும், இவருக்குத்தான் அடைப்பே இல்லையே!

மாடிவீடு: வீட்டிலேயே எடுக்கும் டெஸ்ட் கிட்டில் ஒரே கோடுதான் வந்தது, நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?

கிளிஞ்சல்: இன்னும் வேண்டாம். ஆரம்பத்தில் இந்த ஆன்டிஜன் கிட் தொற்றைத் தவறவிடலாம். 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள், இல்லையென்றால் லேபில் பிசிஆர் டெஸ்ட் எடுங்கள். அதுவரை அம்மா பக்கம் போகாதீர்கள். இன்னொன்று, கேஸ் கசிந்தாலும் ஏதாவது தீய்ந்தாலும் உங்களுக்குத் தெரியாது, அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

நீலவானம்: பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடும். இழுத்துக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள், முகரும் பயிற்சி இருக்கிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலை மாலை, ஒவ்வொன்றையும் சில விநாடி நினைவோடு முகர வேண்டும், மாதக்கணக்கில். திரும்பி வரும்போது காபி கருகல் மாதிரி நாறலாம், பயப்படாதீர்கள், நரம்புகள் மீண்டும் வளரும்போது சிலருக்கு அப்படி ஆகும்.