மறு: புது இயங்குதளத்துக்குப் பழைய தோற்றம்: ‘பழமுகப்பு’ என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். விண்டோஸ் 11-ஐ அதன் பழைய பதிப்புகளான எக்ஸ்பி போலவோ விண்டோஸ் 7 போலவோ காட்டுகிற வேலைக்குத் தமிழில் ஒரு சொல் கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. எந்தச் சொல் என்பதில்தான் பேச்சு.

> பழமையாக்கம் எளிதாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

எளிதுதான், ஆனால் அது தவறான நம்பிக்கையைக் கொடுக்கிறது. காரைக்குடியில் என் கடைக்கு வரும் கணக்கர் ஒருவர் அண்மையில் புதுக் கணினி வாங்கினார். “தம்பி, இதைப் பழசு மாதிரி ஆக்கிக் கொடு” என்றார். திரையின் அடியில் உள்ள பணிப்பட்டையில் நடுவில் இருந்த பொத்தான்களை அமைப்புகளுக்குப் போய் இடப்பக்கம் தள்ளினேன். பழைய தொடக்கப் பட்டியலைக் கொண்டுவரும் ஓப்பன்-ஷெல் என்ற மென்பொருளை நிறுவி, அது தரும் மூன்று பாணிகளில் இரண்டு பத்தி உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். ஐயாவின் கை தானாக இடது மூலைக்குப் போனது, பட்டியல் விரிந்தது, முகம் மலர்ந்தது. உடனே சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து, “அப்ப நம்ம ஐந்தொகை இதுல ஓடும்ல?” என்று கேட்டார். அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16-பிட் கணக்கு நிரல். விண்டோஸ் 11-க்கு 64-பிட் பதிப்பு மட்டும்தான் உண்டு, இப்படிப்பட்ட 16-பிட் நிரல்கள் அதில் ஓடாது. வெளியே எத்தனை பழசாகக் காட்டினாலும் இது மாறப் போவதில்லை. ‘பழமையாக்கம்’ என்று நாமே பெயர் வைத்துவிட்டால், அவர் ஏமாந்ததை அவர் தவறு என்று எப்படிச் சொல்வது?

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றன, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன். உண்மையான எக்ஸ்பியை இணையத்தில் இணைத்து வைத்திருப்பதும், எக்ஸ்பி போலத் தெரிகிற விண்டோஸ் 11-ஐ வைத்திருப்பதும் ஒன்றல்ல. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், பிரித்துச் சொல்கிற வேலையைச் சொல்தான் செய்தாக வேண்டும்.

> பழந்தோற்றம்?

இது பரவாயில்லை. ஆனால் இதில் தோற்றம் மட்டுமா மாறுகிறது? பொத்தான் எந்த மூலையில், பட்டியலில் எது மேலே எது கீழே, எத்தனை சொடுக்கில் நிரல் திறக்கும் என்பதெல்லாம் கை பழகிய சங்கதிகள். மக்கள் கேட்டு வருவது இதைத்தான், நீலப் பட்டையையும் பச்சைப் பொத்தானையும் மட்டுமல்ல. நிறமும் படவுருவும் மாறுவதற்கு மட்டும் ‘பழந்தோற்றம்’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘தீம்’ என்பதற்குக் ‘கருப்பொருள்’ என்று சிலர் எழுதுவதை மட்டும் கைவிடுவோம். முதல், கரு, உரி என்று படித்த மாணவர்கள் அதைப் பார்த்தால் தெய்வமும் உணவும் பறையும் எங்கே என்றுதான் தேடுவார்கள்.

என் பரிந்துரை ‘பழமுகப்பு’. எங்கள் பக்கத்து வீடுகளில் திண்ணையை ஒட்டிய முன்பகுதி முகப்பு, அதைத் தாண்டினால் வளவு, அப்புறம் இரண்டாங்கட்டு. இப்போது கான்கிரீட் வீடு கட்டுகிறவர்கள் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பழைய தேக்குத் தூணும் கதவும் வாங்கி முன்னால் நிறுத்துகிறார்கள். அந்த வீட்டைப் பழைய வீடு என்று இங்கே யாரும் சொல்வதில்லை, முகப்பு மட்டும் பழசு என்பார்கள். நமக்கு வேண்டிய பொருள் இதுவேதான்: முன்னால் இருப்பது பழசு, உள்ளே புதிது, புழங்குவது முகப்பு வழியாக.

‘முகப்பு’ ஏற்கெனவே இணையதளத்தின் முதல் பக்கத்தைக் குறிக்கிறதே என்று கேட்பீர்கள். அது ‘முகப்புப் பக்கம்’. முன்னால் ‘பழ’ சேர்ந்துவிட்டால் குழப்பம் வராது. ‘பழம்’ என்று காதில் விழும் என்பதும் பெரிய தடையில்லை. பழமொழியைக் கேட்டு யாரும் கனியை நினைப்பதில்லை.

ஒரு சொல்லை ஏற்குமுன் அதிலிருந்து மற்றச் சொற்கள் பிறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் மென்பொருள் ‘பழமுகப்பி’, உலாவி, செயலி போல. வினைக்குப் ‘பழமுகப்பிடு’. 2009-இல் வந்த கிளாசிக் ஷெல் ஒரு பழமுகப்பி. அதன் மேம்பாடு 2017-இல் நின்றபின் தொடர்ந்து வரும் ஓப்பன்-ஷெல்லும் அப்படியே. எக்ஸ்பிக்குள்ளேயே பழைய பாணிக்கு மாறும் வசதி இருந்தது. விண்டோஸ் 7-இல் பழைய தொடக்கப் பட்டியல் போனது, 8-இல் பழைய பாணியும் போனது, தொடக்கப் பொத்தானே போனது. அதனால்தான் இப்படி வெளியிலிருந்து பூட்ட வேண்டிய தேவை வந்தது.

லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ என்ற திரைச்சூழல் மேல் போடும் சிகாகோ95 இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. விண்டோஸ் 95-இன் உருவாக்கக் காலப் பெயர் சிகாகோ. சாம்பல் நிறப் பொத்தான்கள்கூட அச்சாக அப்படியே வருகின்றன. ஆனால் மாட்டே என்ற இன்னொரு லினக்ஸ் திரைச்சூழலை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. 2011-இல் க்னோம் என்ற திரைச்சூழலின் புதிய பதிப்பான க்னோம் 3 வந்தபோது, க்னோம் 2-இன் நிரல்வரிகளையே எடுத்துத் தொடர்ந்து வளர்த்தார்கள். அது பழசின் தொடர்ச்சி, பழமுகப்பு அல்ல. இந்த வேறுபாட்டையும் சொல் காட்டுகிறது என்பதால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை கூடியிருக்கிறது.

சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்:

பழமுகப்பு (பெ.): இயங்குதளத்தின் உள்ளியக்கத்தை மாற்றாமல், அதன் பட்டியல், பணிப்பட்டை, படவுரு ஆகியவற்றை முந்தைய பதிப்பைப் போல அமைத்த முன்பகுதி.

விளக்கத்தில் ‘உள்ளியக்கத்தை மாற்றாமல்’ என்ற பகுதியை மட்டும் யாரும் சுருக்கிவிட வேண்டாம். கணினி தொடங்கும்போது ஒலிக்கும் பழைய இசையையும் இதில் அடக்குவதா, தனியாக விடுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஒலிக் கோப்புகளில் வேலை செய்யும் நண்பர்கள் சொல்லுங்கள், அதன்படி திருத்தி ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து