பழைய கார் வாங்கிய பிறகு தெரியவந்த ரீகால்: உங்களுக்கு நடந்ததுண்டா?

பின்சீட்டுக்காரன்:

கார் வாங்கிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. டயருக்கு எவ்வளவு காற்று என்று பார்க்க மேனுவலைத் தேடி குளோவ் பாக்ஸைக் குடைந்தேன். அடியில் மூன்று கவர்கள். மூன்றும் கார் கம்பெனியிலிருந்து வந்தவை, மூன்றிலும் பழைய ஓனர் பெயர், மூன்றும் ஒட்டியது ஒட்டியபடி. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாதுதான். பிரித்தேன்.

ஏபிஎஸ் யூனிட்டுக்குள் பிரேக் ஆயில் கசிந்து ஷார்ட் ஆகலாம், இன்ஜின் ஓடாமல் நிற்கும்போதுகூடத் தீப்பிடிக்கலாம், சரிசெய்யும் வரை வண்டியை வீட்டை விட்டுத் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்தவும். குறையை இலவசமாகச் சரிசெய்ய கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைக்கும் ரீகால் கடிதம். இதையேதான் மூன்று தடவை எழுதியிருந்தார்கள். மூன்றாவதில் 'அவசரம்' என்பது சிவப்பில்.

அந்தப் பதினாறு இரவும் கார் நின்ற போர்ட்டிகோவுக்கு நேர் மேலேதான் அம்மா படுக்கும் அறை.

மணி பதினொன்று. ஸ்டார்ட் செய்யப் பயந்து, நியூட்ரலில் போட்டுத் தனியாளாகத் தள்ளினேன். நிற்கும்போதே தீப்பிடிக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் விட்டு என்ன பிரயோஜனம் என்பது அப்போது உறைக்கவில்லை. கேட் தாண்டும்போது அம்மா ஜன்னலில் வந்து நின்று, "இந்நேரத்துக்கு எங்கடா தள்ளிட்டுப் போற?" என்றாள். "காத்து வாங்க" என்றேன்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "அதுவா சார், ஏதோ எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்னு நினைச்சுப் பிரிக்கவே இல்லை" என்றார். பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது. ஸ்டெப்னி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக்கூட அவராகவே எடுத்துக் காட்டிய மனுஷன்.

ஒற்றைச்சாவி:

எனக்கு வண்டி கொடுத்தவர் சாவியை நீட்டும்போது வளையத்தைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இதுல வேற எதையும் மாட்டாதீங்க, வெறும் சாவியாவே வச்சுக்கோங்க." ஆசைப்பட்டு வாங்கிய வளையம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அன்று மாலையே வீட்டுச் சாவி, ஆபீஸ் சாவி, பீரோ சாவி எல்லாம் ஏறிவிட்டன.

எட்டாவது மாதம், மேம்பாலத்து இறக்கம். முழங்கால் சாவிக்கொத்தில் இடித்தது, சாவி ஆஃப் பக்கம் நழுவியது. இன்ஜின் அணைந்தது, ஸ்டியரிங் கல்லாய் இறுகியது. பிரேக் கொஞ்சம் வேலை செய்ததால் இதை எழுதுகிறேன். பிறகு பார்த்தால், சாவி திரும்பும் இக்னிஷன் ஸ்விட்சுக்கான ரீகால் இரண்டு வருடமாகப் பாக்கி.

2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இது மாதிரிக் குறைக்காகச் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். சாவி நழுவினால் ஏர்பேக்கும் விரியாது. 124 பேர் இறந்ததாக அவர்கள் அமைத்த இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது. என் வண்டி அந்தக் கம்பெனியுடையது அல்ல. நான் கேட்க நினைப்பதெல்லாம் அந்த மனிதரிடம்தான். தெரிந்துதானே சொன்னீர்கள்? பாதியை ஏன் சொன்னீர்கள்?

டார்க்ரெஞ்ச்:

பின்சீட்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள், விற்றவரை நல்லவர் கெட்டவர் என்று ஆராய்வதில் பலன் இல்லை. கவரில் அவர் பெயர் இருந்தது, காரில் உங்கள் பெயர் இருந்தது. வண்டிக்கு வண்டி தனியாக இருக்கும் சேஸி நம்பரைக் கம்பெனித் தளத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. கலர், மைலேஜ், சீட் கவர் எல்லாம் பார்த்திருப்பீர்கள்.

எனக்கும் ஒருமுறை சறுக்கியது. புரோக்கர் அனுப்பிய நம்பரை அடித்தேன், அப்படி ஒரு வண்டியே இல்லை என்று வந்தது. பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' போட்டிருந்தார். அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்த நம்பர் 17 எழுத்து. அதில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்றுதான் விட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பாமல் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ டிரைவர் கதவுத் தூணிலோ இருப்பதை நீங்களே படம் எடுங்கள், பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ரீகாலை விடுங்கள், அந்த வண்டியையே விடுங்கள். ஒத்துப்போனால் கம்பெனித் தளத்தில் போட்டுப் பாருங்கள். அதோடு நிற்காமல் அவர்களுடைய சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, என்ன பாக்கி, என்ன முடிந்தது, பாக்கிக்குப் பார்ட் கையில் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பார்ட் வரவில்லை என்று மாதக்கணக்கில் இழுக்கும் ரீகால்கள் உண்டு. ரீகால் வேலைக்கு இரண்டாவது ஓனரிடம் காசு கேட்டால் சண்டை போடுங்கள், ரீகால் வண்டியோடு போவது, ஆளோடு அல்ல. வாங்கியதும் உங்கள் பெயர், முகவரியை கம்பெனியில் பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாலாவது கவரும் பழைய வீட்டுக்குத்தான் போகும்.

அரைகிளட்ச்:

டார்க்ரெஞ்ச், ரெண்டு நிமிட வேலை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயிறு எரிந்தது. நான் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழித்தவன். வாங்குவதற்கு முந்தைய நாள் போட்டேன், 'ரீகால் எதுவும் இல்லை' என்று பச்சை டிக். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். ஐந்து வாரம் கழித்து சர்வீஸுக்கு விட்டால், பின்சீட் பெல்ட் பிடிமானத்துக்கு ரீகால் இருக்கிறதே என்கிறார்கள். அறிவித்தது நான் பார்ப்பதற்கு முன்னால். என் நம்பர் பட்டியலில் ஏறியது பின்னால். அந்த ஐந்து வாரமும் பின்சீட்டில் அந்த பெல்ட்டைத்தான் என் மகள் மாட்டிக்கொண்டிருந்தாள். தினமும் நானே இழுத்துப் பார்த்து, டிக் என்ற சத்தம் கேட்ட பிறகுதான் வண்டி எடுப்பேன்.

அமெரிக்க அரசின் வாகனப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள்: இப்போதுதான் அறிவித்த ரீகாலில் எல்லா நம்பரும் ஏறியிருக்காது, 15 வருடத்துக்கு முந்தையது வராது, சரிசெய்துவிட்டதும் வராது. பச்சை டிக்குக்கு அன்றைய தேதி வரைக்கும்தான் மதிப்பு.

இன்னொன்று. அதே அமெரிக்காவில் 35-க்கு மேல் வண்டி வைத்திருக்கும் வாடகைக் கம்பெனி, ரீகால் பாக்கி உள்ள காரை வாடகைக்கு விடக் கூடாது என்று 2016 முதல் சட்டம். பழைய கார் விற்கும் டீலருக்கு அப்படி ஒரு மத்திய சட்டம் இல்லை. ஒரு நாள் ஓட்டுகிறவனுக்கு உள்ள பாதுகாப்பு, ஒரேயடியாக வாங்குகிறவனுக்கு இல்லை. இதில் நாங்கள் ஏன் செக் செய்யவில்லை என்று பாடம் வேறு.

ஜாப்கார்டு:

நான் சர்வீஸ் சென்டர் கவுண்டரின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். தினமும் ரீகால் சொல்கிறேன், தினமும் ஒருவராவது சிரிக்கிறார். ஒருவர் மட்டும் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறார். இரண்டாவது ஓனர், டிரைவர் பக்க ஏர்பேக் பாக்கி. ஒரு மணி நேரம் உட்காருங்கள், இலவசம் என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஏழு வருஷமா வெடிக்காதது இன்னைக்கா வெடிக்கப்போகுது?" என்றார். கிளம்பும்போது ஸ்டியரிங்கின் நடுவில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். எனக்குத்தான் கண் தானாக மூடிக்கொண்டது.

ஏழு வருடம் என்பதுதான் பயமே என்று அவருக்கு விளக்க முடியவில்லை. சில குறைகள் வண்டிக்கு வயதாக ஆக முற்றும். டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக்குகளில் அதுதான் நடந்தது. பையை ஊதவைக்க உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வருடக்கணக்கில் ஈரமும் வெப்பமும் பட்டுக் கெட்டு, மிதமிஞ்சிய வேகத்தில் எரிந்தது. உலோக உறையே சிதறி, காப்பாற்ற வேண்டிய பை ஆளைக் கிழித்தது. அமெரிக்காவில் மட்டும் பையை ஊதவைக்கும் இந்த இன்ஃப்ளேட்டர்கள் சுமார் 6.7 கோடி அந்த ரீகாலில் வந்தன, 2017-ல் கம்பெனியே திவாலானது. ஆரம்பத்தில் சில வண்டிகளில் தற்காலிகமாக அதே வகையைத்தான் புதிதாக மாட்டினார்கள். அவற்றையும் மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. அதனால் 'ஒருதடவை மாத்தியாச்சு' என்று விற்பவர் சொன்னால், எந்தத் தேதியில், எந்த ரீகாலுக்கு என்று கேளுங்கள்.

அந்தக் கார் பிறகு எங்களிடம் வரவில்லை. நம்பர் மனப்பாடமாகிவிட்டது. சிக்னலில் அதே கலரைப் பார்த்தால் பிளேட்டைப் படிக்கிறேன்.

பின்சீட்டுக்காரன்:

டார்க்ரெஞ்ச், திட்டியதில் தப்பில்லை. வேலை முடிந்துவிட்டது, முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கார் இப்போது போர்ட்டிகோவுக்குத் திரும்பிவிட்டது. நான்தான் படுக்கப்போகும் முன் ஒருமுறை பானட்டைத் தொட்டுப் பார்க்கிறேன்.

நேற்று வேறொரு யோசனை வந்தது. இதற்கு முன் வைத்திருந்த காரை நான் விற்று மூன்று வருடம் ஆகிறது. பழைய இன்சூரன்ஸ் பேப்பரில் அதன் சேஸி நம்பர் இருந்தது. போட்டுப் பார்த்தேன். ஒரு ரீகால் பாக்கி, நான் விற்பதற்கு நாலு மாதம் முன்பு அறிவித்தது. எனக்கும் கவர் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் இல்லை.

வாங்கியவருக்குப் போன் செய்தேன். அவர் போன வருடமே விற்றுவிட்டாராம். யாருக்கு என்று கேட்டேன். புரோக்கர் நம்பரைத் தேடி அனுப்புகிறேன் என்றார். இன்னும் வரவில்லை.