ஹெல்சிங்கி மருந்தகத்தில் என் மதுரைச் சீட்டு

திருமங்கலம், ஓய்வுபெற்ற தபால் ஊழியர்:

2023 மே மாதம் நானும் மனைவியும் பின்லாந்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனோம். மூன்று மாதத்துக்கான மாத்திரை முழுவதையும் பெரிய பெட்டியில் வைத்துவிட்டோம். பெட்டி வழியிலேயே தங்கிவிட்டது. அவளுக்குத் தைராய்டும் உண்டு, பிரஷரும் உண்டு. கைப்பையில் இருந்தது இரண்டு நாள் மாத்திரையும் டாக்டர் சீட்டும்தான்.

ஹெல்சிங்கியில் மருந்தகத்துக்கு மகனோடு நானும் போனேன். அங்கிருந்த பெண் சீட்டைப் பொறுமையாகப் பார்த்தார். அதில் இருந்தது கம்பெனிப் பெயர், பக்கத்தில் 1-0-0. அந்தப் பெயர் அவருடைய கணினியில் இல்லை. உள்ளே இருக்கும் மருந்து என்ன என்று கேட்டார். தைராக்ஸின் என்று சொல்லிவிட்டேன். எத்தனை மைக்ரோகிராம் என்றதும் எனக்குப் பதில் வரவில்லை. 50ஆ, 75ஆ? பிரஷர் மாத்திரையில் இரண்டு மருந்து கலந்திருக்கிறது என்பதே மகன் இணையத்தில் தேடிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஏழு வருடமாக நான்தான் கடையில் வாங்கிக் கொடுக்கிறேன்.

இந்தியச் சீட்டுக்கு மருந்து கொடுக்க அங்கே வழியில்லை. தனியார் டாக்டரிடம் பணம் கட்டிப் புதிதாக எழுதி வாங்கினோம். பெட்டி ஆறாம் நாள் வந்து சேர்ந்தது.

நான் எழுத வந்தது அடுத்து நடந்ததைத்தான். இரண்டு வாரம் கழித்துக் கப்பலில் எஸ்தோனியா போனோம். அதன் தலைநகர் தாலின் ஹெல்சிங்கியிலிருந்து இரண்டு மணி நேரம்தான். மகனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் தீர்ந்துபோனது. தாலினில் ஒரு மருந்தகத்தில் நுழைந்தான், பின்லாந்துச் சீட்டு இருக்கிறது என்றான், அடையாள அட்டையைக் காட்டினான். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஹெல்சிங்கி டாக்டர் எழுதியது எஸ்தோனியக் கணினியில் வந்து நின்றது. தன் சீட்டை வெளிநாட்டில் பார்க்கலாம் என்று மகன் முன்பே இணையத்தில் சம்மதம் கொடுத்திருந்தானாம். முழு விலையைக் கட்டி வாங்கினான். மருந்துக்கான மானியத்தைப் பின்லாந்து திரும்பிக் கேட்டுக்கொள்ளலாம் என்றான். எல்லாம் ஐந்து நிமிடம். மனைவி என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

மதுரை டவுன்ஹால் ரோடு, மெடிக்கல் கடை:

ஐயா, உங்களுக்கு அங்கே நடந்தது எனக்கு இங்கே அடிக்கடி நடக்கிறது. கொழும்பிலிருந்து கண் ஆபரேஷனுக்கு வருபவர்கள் உண்டு, வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருபவர்கள் உண்டு. போனில் ஒரு சீட்டைக் காட்டுவார்கள். அதில் இருக்கும் எண்ணை எங்கே போட்டுப் பார்ப்பது? எழுதிய டாக்டர் யார் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

நான் பயப்படுவது பெயருக்குத்தான். ஃப்ளோமேக்ஸ் என்றால் அமெரிக்காவில் புராஸ்டேட் தொல்லைக்கான மாத்திரை. இத்தாலியில் அதே பெயரில் வீக்கத்துக்கான மருந்து விற்றிருக்கிறது. டிலாகோர் என்பது அமெரிக்காவில் ஒரு இதய மருந்து, செர்பியாவில் முற்றிலும் வேறொரு இதய மருந்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே இதைப் பற்றி மக்களை எச்சரித்தது. மருந்து ஒன்றாகவே இருந்து பெயர் மாறுவதும் உண்டு. நாம் சால்புட்டமால் என்பதை அமெரிக்காவில் ஆல்பியூட்டரால் என்கிறார்கள்.

அதனால் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்வேன், உட்பொருளைப் பார்த்துக் குறித்துக் கொடுத்து இங்குள்ள டாக்டரிடம் அனுப்புவேன். சிலர் கோபப்படுவார்கள். பரவாயில்லை. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்று 2016இலேயே நம் டாக்டர்களுக்கு விதி வந்துவிட்டது. என் கடைக்கு வரும் சீட்டுகளில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

இலந்தைக்குளம், மருத்துவமனை மென்பொருள் வேலை:

ஐயா, தாலினில் நீங்கள் பார்த்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் பத்து வருட உழைப்பு இருக்கிறது. ஐரோப்பாவில் இதற்கான சோதனைத் திட்டம் 2008இல் தொடங்கியது. பின்லாந்து மின்சீட்டுக்கு, அதாவது டாக்டர் கணினியில் எழுதும் சீட்டுக்கு, எஸ்தோனியாவில் மருந்து கிடைத்தது 2019 ஜனவரியில். எஸ்தோனியா 2010இலேயே, பின்லாந்து 2017க்குள், உள்நாட்டில் மின்சீட்டுக்கு மாறியிருந்தன.

இரண்டு மருந்தகங்களும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. ஒவ்வொரு நாட்டின் கணினிகளுக்கும் வெளியே பேச ஒரே ஒரு வாசல். சீட்டு அந்த வாசலில் பொதுக் குறியீடாக மாறி, அடுத்த நாட்டின் வாசலில் அவர்கள் மொழியாக மாறுகிறது. மருந்து, அளவு, மாத்திரையா சிரப்பா, எல்லாவற்றுக்கும் குறியீடு வேண்டும். பக்கத்து நாடு படிக்க வேண்டும் என்று வந்த பிறகு, சொந்த நாட்டுப் பட்டியலை அரைகுறையாக விட்டுவைக்க முடியாது. எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது அதுதான். 2025 மார்ச்சில் ஐரோப்பாவில் இது சட்டமாகவே நடைமுறைக்கு வந்துவிட்டது. 2029 மார்ச்சுக்குள் எல்லா உறுப்பு நாடுகளும் மின்சீட்டைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த நாடுகளுக்கும் இப்போது ஒரு தேதி இருக்கிறது.

நம் நாட்டிலும் செங்கல் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. 2021 செப்டம்பர் 27 முதல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், ஒருவரின் மருத்துவப் பதிவுகளைச் சேர்த்துப் பார்க்க உதவும் 14 இலக்க ஆபா எண், டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் தனித்தனிப் பதிவேடு. ஆனால் போனிலும் வீடியோவிலும் நோயாளியைப் பார்ப்பதற்காக 2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இந்தியாவுக்கு வெளியே ஆலோசனை சொல்வதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அது சீக்கிரம் மாறாமல் போகட்டும், எனக்கு வருத்தமில்லை. முதலில் உள்ளூரிலேயே வேலை பாக்கி இருக்கிறது. நான் மென்பொருள் போட்டுக் கொடுக்கும் இடங்களில் கணினித் திரையில் மருந்துக்கான கட்டத்தில் கம்பெனிப் பெயரைத்தான் தட்டுகிறார்கள். குறியீட்டுப் பட்டியலை இணைக்கலாமா என்று கேட்டால், அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். அந்த 'அப்புறம்'தான் ஹெல்சிங்கியில் உங்களுக்கு முன்னால் வந்து நின்றது.

உசிலம்பட்டிப் பக்கம், செவிலியர்:

எல்லை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது கேரள எல்லையில் இருக்கும் குமுளி. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு இடுக்கி போகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும். அங்கே ஒரு அக்கா ஆஸ்பத்திரியில் "சின்னதா வெள்ளையா இருக்கும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இப்போது கிளம்பும் முன்பே மாத்திரை அட்டையில் பெயர் இருக்கும் பகுதியை வெட்டிச் சுருக்குப்பையில் போட்டு அனுப்புகிறேன். தம்பி, நான் பதிவது அந்த ஆபா எண்ணில் அங்குள்ள ஆஸ்பத்திரிக்குத் தெரியுமா?

இலந்தைக்குளம்:

அக்கா, உங்கள் பதிவு அந்த எண்ணோடு சேர்ந்திருக்க வேண்டும், அந்த ஆஸ்பத்திரியும் இணைந்திருக்க வேண்டும், அந்த நோயாளி சம்மதமும் தர வேண்டும். மூன்றும் இருந்தால் தெரியும். அதுவரை அட்டையை வெட்டிக் கொடுங்கள்.

திருமங்கலம்:

எல்லாருக்கும் நன்றி. ஊர் திரும்பியதும் எங்கள் டாக்டரிடம் உட்பொருள் பெயரும் அளவும் கேட்டேன். பெரிய எழுத்தில் உடனே எழுதிக் கொடுத்தார், இரண்டு நிமிடம் ஆகவில்லை. இத்தனை வருடம் நான் கேட்டதே இல்லை. அக்டோபரில் மறுபடி போகிறோம். மாத்திரை இந்த முறை இரண்டு பேர் கைப்பையிலும் பாதிப்பாதி. செவிலியர் அம்மா சொன்னதைப் பார்த்துவிட்டு மனைவி இப்போதே அட்டையை வெட்டிக்கொண்டிருக்கிறாள்.