தெற்கு மாலத்தீவுக்கு எந்தப் படகு?

களியக்காவிளையில இருந்து எழுதுறேன். டைவிங் போற அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேணும். மார்ச்ல நானும் மச்சானும் மாலத்தீவோட தென்பகுதியில, ஹுவதுங்கிற பவளத்தீவுக் கூட்டம் பக்கம், ஏழு நாள் படகிலேயே தங்கி முங்கலாம்னு திட்டம்.

எந்தப் படகைக் கேட்டாலும் ஜக்குசி (சுடுதண்ணிக் குளியல் தொட்டி) படம்தான் அனுப்புறாங்க. எனக்குத் தெரிய வேண்டியது வேற. சிலிண்டர்ல காத்து அடைக்கிற கம்ப்ரசர் நாம தங்குற படகிலேயே இருக்கா, கூட வர்ற தனித் தோணியிலா? (அங்கேயும் அதுக்குத் தோணின்னுதான் பேரு!) ராத்திரி பூரா அது இரைஞ்சா மறுநாள் டைவ் போச்சு. நைட்ராக்ஸுக்கு (ஆக்சிஜன் கூடுதலா கலந்த காத்து) தனிக்காசா? வழிகாட்டி ஒருத்தருக்கு எத்தனை பேர்? அவசரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கா?

சானல்ல, அதாவது பவளப்பாறைகளுக்கு இடையில உள்ள கடல் வழியில, நீரோட்டம் இழுக்கும், 50 டைவ் முடிச்சிருக்கணும்ங்கிறாங்க. எனக்கு 38தான். கோவளத்துல மீதியை முடிச்சா போதுமா?

மச்சானுக்கு வள்ளம் ஆடினாலே வாந்தி. கீழ்த்தட்டுல நடு அறை கேட்டா குடுப்பாங்களா? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.