சவுத் பாட்ரே (டெக்சஸ் தெற்கு முனையில இருக்கிற கடற்கரைத் தீவு) போய் வந்தவங்க சொல்லுங்க: கடல்ல, ரோட்டுல உங்களுக்கு என்ன ஆச்சு?

உவரிக்காரன்:
மார்ச் லீவு நெருங்குது. எங்க டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல "சவுத் பாட்ரே போலாமா மச்சி"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. போன வருஷம் நான் பட்டதை எழுதிடுறேன், படிச்சுட்டுக் கிளம்பட்டும்.

நான் பொறந்தது உவரி பக்கம். வீட்டுக்குப் பின்னாடியே கடல். நீச்சல் யாரும் சொல்லித் தரலை, தானா வந்துச்சு. அந்தத் திமிரு எனக்கு நிறையவே இருந்துச்சு. டல்லாஸ்ல இருந்து ஒன்பது மணி நேரத்துக்கு மேல மாத்தி மாத்தி ஓட்டி, குயின் இசபெல்லா பாலம் தாண்டித் தீவுக்குள்ள நுழையும்போது மத்தியானம். கரையில சிவப்புக் கொடி. "ரெண்டு சிவப்பு பறந்தாதான்டா இறங்கவே கூடாது, இது ஒண்ணுதானே"ன்னு பசங்களுக்கு நானே விளக்கம் வேற கொடுத்தேன்.

இறங்குற இடத்தையும் நான்தான் காட்டினேன். ரெண்டு பக்கமும் அலை வெள்ளை வெள்ளையா உடையுது. நடுவுல மட்டும் ஒரு வீட்டு அகலத்துக்கு அலையே இல்லை. தண்ணி கொஞ்சம் கலங்கல், ஆனா அமைதி. "இங்க இறங்குங்க, சாதுவா இருக்கு"ன்னேன்.

அதுதான் இழுப்பு. கரைக்கு ஏறி வந்த தண்ணியெல்லாம் மணல் திட்டுக்கு நடுவுல இருக்கிற பள்ளம் வழியா திரும்பக் கடலுக்குப் போற வாய்க்கால் அது. பள்ளமா இருக்கிறதாலதான் அங்க அலை உடையலை. எங்க ஊர்ல எந்த இடத்துல இழுக்கும்னு எனக்கு அத்துப்படி. ஏன் இழுக்குதுன்னு ஒருநாளும் யோசிச்சதில்லை. அதனால வேற கடலைப் பார்த்ததும் கண்ணு அவிஞ்சு போச்சு.

இடுப்பளவு தண்ணியில நின்னுட்டு இருந்தோம். கொஞ்ச நேரத்துல கால் எட்டலை. கரையைப் பார்த்து அடிச்சேன். அடிக்க அடிக்க எங்க குடை சின்னதாகிட்டே போகுது. பின்னாடி படிச்சேன், சில இழுப்பு நொடிக்கு 8 அடி வரைக்கும் போகுமாம். ஒலிம்பிக் நீச்சல்காரனாலயும் எதிர்த்து வர முடியாது. கூட வந்த கோயம்புத்தூர் பையன் பயந்து என் தோளைப் பிடிச்சுட்டான். ரெண்டு பேரும் ஒண்ணா முழுகியிருப்போம். உதறிட்டு "மல்லாந்து மிதடா"ன்னு கத்தினேன். இழுப்பு ஆளை அடியில இழுக்காது, வெளியதான் கொண்டு போகும். மிதந்தா மூச்சு இருக்கும். மூச்சு திரும்பினதும் கரையை மறந்துட்டு, கரைக்குப் பக்கவாட்டுல, அலை உடையிற பக்கமா நீந்தினோம். அப்புறம் அலையே தள்ளிக் கொண்டுவந்து போட்டுச்சு. செருப்பு விட்ட இடத்துல இருந்து நல்ல தூரம் தள்ளி ஏறினோம். மணல்ல படுத்துக்கிட்டு ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசவே இல்லை.

ஆர்லிங்டன் அக்கா:
தம்பி, சிவப்பு ஒண்ணுன்னாலே ஆபத்து அதிகம்னு அர்த்தம். மஞ்சள்னா மிதமான ஆபத்து. பச்சைன்னாலும் "ஆபத்து கம்மி"ன்னுதான், இல்லைன்னு இல்லை. ஊதான்னா கடிக்கிற, கொட்டுற ஜந்து தண்ணியில இருக்கு. நாங்க ஃப்ளோரிடாவுல பனாமா சிட்டி பீச் போனப்ப ரெட்டைச் சிவப்பு. இறங்கினா 500 டாலர் அபராதம்னாங்க, கூட வந்த கஞ்சப் பசங்க கரையிலயே உட்கார்ந்துட்டாங்க. அந்த 500 டாலர்தான் அன்னிக்கு எங்களைக் காப்பாத்துச்சு 😀

இன்னொண்ணு. ஒருத்தர் மாட்டினா உடனே காப்பாத்தக் குதிக்காதீங்க. மிதக்குற எதையாவது தூக்கிப் போடுங்க, ஐஸ் பெட்டி மூடி ஆனாலும் சரி. 911 (இங்க அவசர உதவி எண்) அடிங்க. முதல்லயே லைஃப்கார்ட் உட்கார்ந்திருக்கிற இடமா பார்த்து இறங்கிட்டா இந்தப் பாடே வேண்டாம்.

சேலத்து மாம்பழம்:
நான் கடல்ல மாட்டலை, ரோட்டுல மாட்டினேன். திரும்பி வர்ற வழியில யு.எஸ். 77 நெடுஞ்சாலையில சரீட்டாங்கிற இடத்துல எல்லைக் காவல் சோதனைச்சாவடி இருக்கு. மெக்சிகோ பக்கமே போகாட்டியும் வடக்கே வர்ற எல்லா வண்டியும் அங்க நின்னுதான் ஆகணும். 281 வழியா வந்தா ஃபால்ஃபூரியாஸ்ல இதே கதை. "எல்லாரும் அமெரிக்கக் குடிமக்களா?"ன்னு கேட்டாங்க. இல்லை, எஃப்-1 மாணவர் விசான்னோம். மூணு பேர் பாஸ்போர்ட்டை நீட்டினாங்க. நான் "பத்திரமா இருக்கட்டும்"னு என்னோடதை ரூம் அலமாரியில பூட்டிட்டு வந்த புத்திசாலி. போன்ல ஐ-20 (காலேஜ் கொடுக்கிற மாணவர் சான்று) போட்டோ மட்டும் இருந்துச்சு. ஓரங்கட்டச் சொல்லி, விரல் ரேகை எடுத்து, கம்ப்யூட்டர்ல தேடிச் சரிபார்த்து விடுறதுக்கு ஒன்றரை மணி நேரம். மரியாதையாதான் பேசினாங்க. தப்பு என்னோடது. 18 வயசு தாண்டின வெளிநாட்டுக்காரங்க பதிவுக் காகிதத்தைக் கையில வச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு. பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு) பிரிண்ட், ஐ-20 மூணும் ஒரு ஜிப்லாக் கவர்ல போட்டு வண்டியிலயே வைங்க. பீச்சுக்குத் தூக்கிட்டுப் போய் நனைச்சுடாதீங்க, அதையும் ஒருத்தன் பண்ணியிருக்கான்.

பெயர் வேண்டாம்:
குடி விஷயத்தை யாரும் எழுத மாட்டீங்கன்னு தெரியும், நான் எழுதுறேன். எங்க செட்ல 20 வயசுப் பையன் ஒருத்தன், முதல் தடவை. ராத்திரி கட்டில்ல எழுப்பினா எழும்பலை, உடம்பு சில்லுனு இருக்கு, மூச்சு விட்டு விட்டு வருது. "தூங்கினா சரியாயிடும்"னு பாதிப் பேர். மீதிப் பேருக்கு போலீஸ் வந்தா விசா போயிடுமேன்னு பயம். பத்து நிமிஷம் வாக்குவாதம் பண்ணோம், அதை நினைச்சா இப்பவும் கூசுது. கடைசியா 911 அடிச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, வர்ற வரைக்கும் கூடவே இருந்தோம். பொழச்சான். பின்னாடிதான் தெரிஞ்சது, டெக்சஸ்ல 21க்குக் கீழ இருக்கிறவங்க இந்த மாதிரி உதவிக்குக் கூப்பிட்டுட்டு, அங்கயே இருந்து ஒத்துழைச்சா, குடிச்சதுக்காக வழக்கு வராத மாதிரி சட்டம் இருக்கு.

விசா பயம் வேண்டிய இடம் ஸ்டியரிங். குடிச்சுட்டு ஓட்டிக் கைதானாலே போதும், தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே விசாவை ரத்து பண்ண முடியும்.

பரமக்குடி பாஸ்:
கரையில நீல பலூன் மாதிரி கிடந்தா கையில எடுத்து ரீல்ஸ் போடாதீங்க. போர்ச்சுகீஸ் மேன் ஓ வார். செத்துக் கிடந்தாலும் கொட்டும். கொட்டினா வாலை வெறுங்கையால பிடுங்கக் கூடாது. பொறுக்குற சூட்டுல வெந்நீர்ல காலை வைங்க, வலி குறையும். மூத்திர வைத்தியம் சொன்ன நண்பனை நான் இன்னும் மன்னிக்கலை.

ஆர்லிங்டன் அக்கா:
@உவரிக்காரன், வீட்ல சொன்னியாப்பா?

உவரிக்காரன்:
இல்லக்கா. கரையேறின அப்புறம் எடுத்த போட்டோவை மட்டும் அம்மாவுக்கு அனுப்பினேன். "தலையத் துவட்டுல, சளி பிடிச்சிரும்"னு பதில் வந்துச்சு.