மிருதங்கம் ரெக்கார்ட் பண்ண எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?

ஈசூன்_தாளம்:
வணக்கம். சிங்கப்பூர்ல என் வீட்லயே மிருதங்கம் ரெக்கார்ட் பண்ணி சென்னைல இருக்கிற ஒரு பாடகிக்கு ட்ராக் அனுப்பணும். வின்டோஸ் லேப்டாப். இப்ப ஒரு யுஎஸ்பி மைக்தான் இருக்கு, அதுல வலந்தலை (வலது முகம்) பளிச்சுனு விழுது ஆனா தொப்பி (இடது முகம்) பக்கம் இருக்கிறதே தெரியல, கும்கி (தொப்பிய அழுத்தி எழுப்பற வளைஞ்ச நாதம்) குடுத்தா சுத்தமா காணாம போயிடுது. இன்னொரு யுஎஸ்பி மைக் வாங்கி சொருகினா போதுமா, இல்ல மைக்க லேப்டாப்போட இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ், ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரி, வாங்கவா? இன்டர்ஃபேஸுக்கு மட்டும் 300 வெள்ளி வரைக்கும் போடலாம்.

நாதம்88:
ரெண்டு யுஎஸ்பி மைக் வேணாங்க. ஒவ்வொண்ணும் தன் தன் க்ளாக்ல ஓடும், நீளமா வாசிச்சா ரெண்டு பக்கமும் மெல்ல விலகிடும், அதுவும் இல்லாம வின்டோஸ்ல ரெக்கார்டிங்குக்கு பயன்படற அசியோ டிரைவர் பொதுவா ஒரு நேரத்துல ஒரு டிவைஸதான் எடுக்கும். சோலோவும் உங்களுக்கு சரிவராது, அதுல மைக் ப்ரீஆம்ப் (மைக் சிக்னல கூட்டித் தர்ற பகுதி) ஒண்ணுதான், இன்னொரு இன்புட் கிட்டார், கீபோர்டுக்கு. மிருதங்கத்துக்கு ரெண்டு முகம், ரெண்டு மைக் ப்ரீஆம்ப் கண்டிப்பா வேணும். ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம்2, பெரிஞ்சர் யுஎம்சி202எச்டி மூணுலயும் ரெண்டு இருக்கு, கண்டன்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டும் இருக்கு. பட்ஜெட் இடிச்சா பழைய சாமான் விக்கிற கேரசல் ஆப்ல பழைய 2ஐ2 பாருங்க, தாராளமா போதும். மிச்ச காச மைக்ல போடுங்க, வித்தியாசம் அங்கதான் கேக்கும்.

புளோக்_வாசி:
வீவக அடுக்குமாடி வீடுன்னா, சின்ன சத்தத்தையும் பிடிக்கிற கண்டன்சர் மைக் எடுக்கறதுக்கு முன்னாடி யோசிங்க. கீழ பசங்க பந்து அடிக்கிறது, பக்கத்து வீட்ல ட்ரில் போடறது எல்லாம் உள்ள வரும். டைனமிக் மைக் ரெண்ட கிட்ட வச்சா அவ்வளவு வராது, மிருதங்கம் நல்ல சத்தமான வாத்தியம்ங்கிறதால கெயினும் பத்தும். ஏர்கான், ஃபேன் ரெண்டையும் நிறுத்திட்டு கொஞ்ச நேரம் விட்டு அப்புறம் சுருதி சேருங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு தோல் உடனே மாறிடும். லெவல் பாக்கும்போது மெல்ல தட்டிப் பாக்காதீங்க, முழு வேகத்துல மோரா (மூணு தடவ வர்ற முடிப்பு) வாசிச்சு உச்சம் மைனஸ் 12 டெசிபல் கிட்ட நிக்கற மாதிரி வைங்க, 24 பிட்ல அது போதும்.

ஈசூன்_தாளம்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அப்ப 2ஐ2 தான். அந்தப் பாடகி பாட்ட ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே வாசிக்கணும், என் அடி லேட்டா கேக்குமா?

நாதம்88:
டைரக்ட் மானிட்டர் ஆன் பண்ணுங்க, உங்க வாசிப்பு லேப்டாப்புக்குள்ள போய் திரும்பாம நேரா காதுக்கு வந்துடும். சாஃப்ட்வேர்ல அந்த ட்ராக்கோட மானிட்டர அணைச்சிடுங்க, இல்லன்னா ஒரே அடி ரெண்டு தடவ கேக்கும். டிரைவர ஃபோகஸ்ரைட் சைட்லேர்ந்தே இறக்குங்க. பாடகிகிட்ட சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸா 44.1ஆன்னு முன்னாடியே கேட்டு அதுலயே வைங்க. இன்னொண்ணு, ரெண்டு மைக்கையும் மோனோல சேத்து கேட்டுப் பாக்கணும். தொப்பி மெலிஞ்சு போச்சுன்னா சாஃப்ட்வேர்ல ஒரு மைக்கோட போலாரிட்டிய (அலையோட மேல்-கீழ் திசைய) மாத்துங்க, அப்பவும் சரியாகலன்னா மைக்க நகத்தி நகத்தி கும்கி முழுசா வர்ற இடத்துல நிறுத்துங்க.